மேற்குச் சுவர்

பன்னெண்டு மணி வரைக்கும் உள்ள கால் வைக்க மாட்டாராம். வீடு பாக்க வந்த புருஷனும் பொண்டாட்டியும் கீழ கார்லயே உக்காந்திருக்காங்க, ஏசியைப் போட்டுக்கிட்டு, ராகு காலம் முடியட்டும்னு. நான் இங்க நாலாவது மாடியில, காலி ஃப்ளாட்டுல, பெயிண்ட் டப்பாவைக் கவுத்துப் போட்டு அது மேல உக்காந்திருக்கேன். ஃபேன் கூடக் கிடையாது, ஓனர் மஸ்கட் போகும்போது கழட்டி மச்சான் வீட்டுக்குக் குடுத்துட்டாரு. வெள்ளிக்கிழமை சார், பத்தரைக்கு முன்னாடி வந்துடுங்கன்னு நேத்து படிச்சுப் படிச்சுச் சொன்னேன். வர்றோம் மேடம்னாரு. வந்தாரு. லிஃப்ட்ல ஏறி இந்த வாசல் வரைக்கும் வந்து, உள்ள வைக்கக் காலையும் தூக்கியாச்சு, அப்ப போனை எடுத்துப் பாத்தாரு. அவ்வளவுதான், தூக்கின கால் அப்படியே பின்னாடி போச்சு. "சாரி மேடம், ஸ்டார்ட் ஆயிடுச்சு." என்ன ஸ்டார்ட் ஆயிடுச்சு, படமா? இந்த தீபன் சாருக்கு முப்பது வயசு இருந்தா அதிகம். கம்ப்யூட்டர் கம்பெனி, தாடி, கால்ல ஓட்டப்பந்தயத்துக்குப் போடற ஷூ. அவங்க அம்மா சொல்லித் தடுத்திருந்தா பெரியவங்கன்னு விட்டுடலாம். யாரும் சொல்லல. போன்ல ஏதோ ஆப் இருக்காம், அது ஊரைப் போட்டா அந்த ஊருக்கு நிமிஷக் கணக்கா காட்டுமாம். காலண்டர்ல போட்டிருக்கிற பத்தரை பன்னெண்டெல்லாம் சும்மா தோராயம் மேடம், சூரியன் எப்ப வருதோ அதை வெச்சுத்தான் கணக்கு, சென்னைக்கு இன்னைக்குப் பன்னெண்டு அடிச்சு ஏழு நிமிஷம் ஆகணும்னு எனக்கே பாடம் எடுத்துட்டுக் கீழ போனாரு. அந்தப் பொண்ணு யாமினி மட்டும் என்னைப் பாத்து ஒரு மாதிரி சிரிச்சுது, என்ன பண்றது ஆண்ட்டிங்கிற மாதிரி. பாவம், அதுக்கு ஒண்ணுக்கு வந்திருக்கும், அதான் ஆசையா எட்டிப் பாத்துது பாத்ரூம் பக்கம்.

ராகு காலத்து மேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல. அதோடதான் குடித்தனம் பண்ணிட்டிருக்கேன். ஆடி போச்சா, மார்கழி போச்சா, அஷ்டமி நவமி போச்சா, வாங்கறவருக்குச் சந்திராஷ்டமம், அவர் சம்சாரத்துக்கு வேற ஒரு நாள், எல்லாம் கழிச்சு மிஞ்சுற நாள்ல ஓனருக்குக் காய்ச்சல். வீடு வித்துக் குடுக்கிறவ நான்னு பேரு, பாதி நேரம் பஞ்சாங்கம்தான் பாக்குறேன். ஆனா இன்னைக்கு என்னால முடியாது. ரெண்டு மணிக்கு போர்ட் பிளேருக்கு ஃப்ளைட். மேடவாக்கத்துலேர்ந்து ஏர்போர்ட் போறதுக்குள்ள எத்தனை சிக்னல், மெட்ரோவுக்குத் தோண்டின பள்ளம் எத்தனை, அது அவங்க ஆப்ல வராது. பை அதோ மூலையில இருக்கு. காலையிலயே கட்டி எடுத்துட்டு வந்துட்டேன், இங்கேர்ந்து நேரா கிளம்பிடலாம்னு. சின்ன வெங்காயம், முருங்கைக்காய், மோர் மிளகாய், வீட்டுக்காரருக்கு ரெண்டு லுங்கி. தீவுல எல்லாம் கப்பல்ல வந்து இறங்கணும், இறங்குற வெங்காயம் பாதி அழுகியிருக்கும். இப்ப இந்த வீடு பூரா வெங்காய வாசனை. பன்னெண்டு ஏழுக்கு மேல வந்து, மேடம் என்ன ஸ்மெல், ட்ரைனேஜ் பிரச்சினையான்னு கேப்பாங்க. கேக்கட்டும்.

காலையில தலை துவட்டிட்டு இருக்கும்போது அவர் போன். திரவியம், என் வீட்டுக்காரர். படகு இன்ஜின் மெக்கானிக். அங்க எந்த டிங்கிப் படகு எங்க நின்னாலும் கூப்பிடு திரவியத்தைன்னுதான் சொல்வாங்க. இன்ஜின்கிட்ட மணிக்கணக்கா பேசுவாரு, மனுஷங்ககிட்ட ரெண்டு வார்த்தை. "பிஸ்வாஸ் மிஸ்திரி வந்திருக்காரு வேணி. கூட ஒரு ஆளும் இருக்கு. மேற்குச் சுவரை இன்னைக்கு உடைச்சிரலாமா?" டீ குடிக்கலாமாங்கிற மாதிரி கேக்குறாரு. வீட்டோட சுவரை. "நான் சாயங்காலம் வர்றேன்ல, நான் வந்து நிக்காம யாரும் ஒரு செங்கல்லைத் தொடக் கூடாது"ன்னேன். "போன தடவையும் வர்றேன்னுதான் சொன்ன." போன தடவை ஒரு ரெஜிஸ்ட்ரேஷன் இருந்துது, அதுக்கு முந்தி பொண்ணு மதுவுக்கு உடம்பு சரியில்ல, அதுக்கு முந்தி என்னவோ. எல்லாம் நிஜம்தான், நான் என்ன கதையா கட்டுறேன். "மிஸ்திரிக்கு நாளையிலேர்ந்து ஹேவ்லாக் தீவுல ரிசார்ட் வேலை, இன்னைக்கு விட்டா மழை முடிஞ்சுதான் வருவாரு." "அப்ப மழை முடிஞ்சு பாத்துக்கலாம்." "சாயங்காலம் நீ வா, பேசிக்கலாம். வரலைன்னா நான் உடைச்சிருவேன்." கத்தல, ஒண்ணும் இல்ல. கத்தினா பதிலுக்குக் கத்தலாம். இந்த மனுஷன் கத்தவே மாட்டாரு, அதுதான் என் தலையெழுத்து. அதனால ரெண்டு மணி ஃப்ளைட்டை நான் பிடிச்சே ஆகணும். பிடிச்சா சுவர் நிக்கும், விட்டா போச்சு. இவ்வளவுதான் விஷயம். இதுக்கு நடுவுல தீபன் சாரோட ராகு.

சுவர்ல என்ன குத்தம் இருக்கு? நல்ல கனமான சுவர். வீட்டுக்குள்ள இருந்து போன் பேசினாருன்னா கடல் பக்கத்துல இருக்குன்னே தெரியாது, ஒரு பொட்டுச் சத்தம் கேக்காது. எத்தனை பேருக்கு அப்படி அமையும். அந்த வீட்டுக்கு பிளான் போட்டது நான்தான், இங்க உக்காந்துக்கிட்டு, போன்லயே. போர்ட் பிளேர்லேர்ந்து வண்டூர் போற வழியில மனை, பின்பக்கம் ஒரு வரிசைத் தென்னை, அதைத் தாண்டினா மணல், மணலைத் தாண்டினா கடல். கடல் மேற்கால. நான் கண்டிஷனாச் சொல்லிட்டேன், தலைவாசல் கிழக்குப் பாத்துத்தான் இருக்கணும். நாளைக்கு விக்கணும்னா கிழக்கு வாசல் இல்லாத வீட்டை யாரு சீந்துவா. நான் பாக்காத பார்ட்டியா. தெற்கு வாசல்னு ஒரே காரணத்துக்காக மூணு வருஷமாப் பூட்டிக் கெடக்குற வீட்டை நான் காட்டுவேன், இதே மேடவாக்கத்துல. சமையல் அக்னி மூலையில, மேற்கால ஸ்டோர் ரூமும் பாத்ரூமும், நடுவுல வழவழன்னு முழுச் சுவர். வாஸ்துப்படி அப்பழுக்கு சொல்ல முடியாது. அப்ப அவர் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு, "யாரு விக்கப் போறா?" நாளைக்கு விக்கணும்னான்னு மறுபடி சொன்னேன். சரின்னுட்டாரு. எப்பவும் இப்படித்தான், சரின்னுட்டு நாலு வருஷம் கழிச்சு மிஸ்திரியைக் கூட்டிட்டு வருவாரு. வர்றவன் போறவன் எல்லாம் சிரிக்கிறான். கடலோரத்துல வீட்டைக் கட்டிக் கடலுக்கு முதுகைக் காட்டிட்டீங்களேன்னு. வாசல்ல நின்னா ரோடு, பஸ் ஸ்டாப், எதிர்த்தாப்ல தெலுங்குக்காரர் மாட்டுக் கொட்டாய். கடல் தெரியுற ஒரே இடம் பாத்ரூம் வென்டிலேட்டர். என் பொண்ணு மது இருக்காளே, வாய்க்கொழுப்பு, "அம்மா, நம்ம வீட்டுல கடல் பாக்கணும்னா குளிக்கணும்"கிறா. சாயங்காலமானா இவர் பிளாஸ்டிக் சேரைத் தூக்கிக்கிட்டு வீட்டைச் சுத்திப் பின்பக்கம் போய் உக்காருவாரு, கொசுக்கடியில. யாரு உக்காரச் சொன்னது. ஹால்ல ஃபேன் இருக்கு, டிவி இருக்கு. நாளைக்கு விக்கணும்னா அந்தக் கிழக்கு வாசல்தான் பேசும். யாரு விக்கப் போறா. யாரோ. எப்பவோ.

இந்த ஃப்ளாட்டும் கிழக்கு வாசல்தான். விளம்பரத்துல முதல் வரியே அதுதான், ரெண்டாவது வரி கடல் காத்து. எழுந்து போய் ஹால் ஜன்னலைத் திறந்தேன். காத்தாவது ஒண்ணாவது. கை நீட்டினா தொடுற தூரத்துல அடுத்த பிளாக் சுவர், வரிசையா ஏசிப் பெட்டி, ஒண்ணுலேர்ந்து தண்ணி சொட்டிக்கிட்டே இருக்கு, ஒரு பூப்போட்ட நைட்டி காயுது. சாயங்காலமானா காத்து பிச்சுக்கும் சார், கடல்லேர்ந்து நேரா வருதில்லன்னு எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். வாய் தானாச் சொல்லும். கடல் இருக்குற வீட்டை அடைச்சு வெச்சிட்டு, இல்லாத வீட்டுல கடலை விக்கிறேன், நல்ல பொழப்பு. கீழ எட்டிப் பாத்தா கார் மேல வேப்பம்பூ கொட்டியிருக்கு, கண்ணாடி ஏத்தியே இருக்கு. திரவியத்துக்குப் போன் போட்டேன். அடிக்குது, எடுக்கல. மறுபடி போட்டேன். எடுக்கல. எங்க போயிருப்பாரு. சாயங்காலம் வரைக்கும் பொறுக்கிறேன்னாரே. பொறுக்கிறேன்னா சொன்னாரு, வரலைன்னா உடைப்பேன்னாரு. இப்பவே நான் வர மாட்டேன்னு முடிவு பண்ணிட்டாரோ. அப்படி முடிவு பண்ண நான் என்ன, அடுத்த வீட்டுக்காரியா. மூணாவது தடவை போட்டேன். படகு வேலைக்குப் போயிருப்பாரு. மிஸ்திரியை வீட்டுல உக்கார வெச்சிட்டுப் படகுக்குப் போவாரா. கீழ விழுந்திருப்பாரோ, சுவர் மேல சாஞ்சிருந்தா. சுவர் சாயாது, நல்ல சுவர். குடிக்கலாம்னா பாட்டில் தண்ணி சுடுது, கிச்சன்ல போய்க் குழாயைத் திறந்தேன், முகமாவது கழுவலாம்னு. இருமுற மாதிரி ரெண்டு தடவை காத்து வந்துது, அப்புறம் செம்பழுப்பா கொஞ்சம், அப்புறம் நல்ல தண்ணி. முகத்துல அடிச்சேன். அடிச்சு அடிச்சு, காதுல அடிச்சேன், கழுத்துல அடிச்சேன். குழாயைத் திறந்தபடியே விட்டுட்டு ஹாலுக்கு வந்து நாலாவது தடவை போட்டேன்.

அடிக்குது. எடுக்கல. காலைப் பாத்தேன். தரையில, வெள்ளை டைல்ஸ் மேல, ஒரு கோடு வருது. சத்தமே இல்லாம, கிச்சன் வாசல்லேர்ந்து நேரா என் பக்கம். சிங்க்குக்கு அடியில பைப் சேக்கல போல, ஓனர் மச்சான் அதையும் கழட்டிட்டான் போல. தெரியுது, இது குழாய்த் தண்ணின்னு தெரியுது, போய் மூடணும்னு தெரியுது. கால் நகரல. அன்னைக்கும் இப்படித்தான் வந்துது. ஞாயித்துக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். போர்ட் பிளேர் பக்கத்துல சிப்பிகாட்ல வாடகை வீடு, ஓடைக்கரை மேல. விடிஞ்சும் விடியாம பூமி ஆடிச்சு, பாத்திரமெல்லாம் விழுந்துது, எல்லாரும் வெளிய ஓடி, அப்புறம் உள்ள வந்து, ஆச்சு முடிஞ்சுதுன்னு நான் இட்லிக்கு ஊத்திட்டேன். இவர் படகைப் பாக்கப் போயிருந்தாரு. மதுவுக்கு மூணு வயசு, கட்டில்ல உக்காந்து பல்லு விளக்க மாட்டேன்னு அழுதுக்கிட்டிருந்தா. கதவுக்கு அடியில ஒரு கோடு வந்துது. பெரிய அலை, இரைச்சல், அதெல்லாம் ஒண்ணும் இல்ல, டிவியில காட்டினதெல்லாம் வேற ஊரு. ஒரு கோடு. பக்கத்து வீட்டம்மா வாசல் கழுவி விட்டுட்டான்னு நெனச்சேன். நெனச்சு, திட்டிக்கிட்டே, துடைக்கிற துணியை எடுத்துட்டு வந்து உக்காந்தேன். துடைக்கிறேன், பிழியிறேன், துடைக்கிறேன். கணுக்கால் வந்தப்பகூட துடைச்சிட்டுத்தான் இருந்தேன். அப்புறம் தாழ்ப்பா முனகுச்சு. நான் திறக்கல. அது தானா நெளிஞ்சு, ஆணியோட பிச்சுக்கிட்டு, கதவு உள்பக்கமாத் திறந்துது, மெதுவா, விருந்தாளி வர்ற மாதிரி. அந்தக் கதவு திறந்த விதத்தை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. அவர்கிட்டயும் இல்ல. தண்ணி வந்துது, மதுவைத் தூக்கிக்கிட்டு சமையல் மேடை மேல ஏறிட்டேன், நீங்க டிங்கியில வந்தீங்க, முடிஞ்சுதுன்னு மட்டும் சொன்னேன். இதுக்கு மேல அவரும் கேட்டதில்ல.

அப்புறம் அதே ஊர்ல, கடல் ஓரத்துலயே மனை வாங்கினா, கடல் பக்கம் கதவு வைங்கன்னா நான் என்ன சொல்வேன்? பயமா இருக்குன்னா சொல்வேன்? பயம்னு சொன்னா எல்லாரும் சமாதானம் பண்ண வந்துடுவாங்க. அதெல்லாம் இனிமே வராது, நூறு வருஷத்துக்கு ஒரு தடவைதான், கவர்மென்ட்டு சைரன் வெச்சிருக்கு, அது இதுன்னு. வாஸ்துன்னு சொல்லிப் பாருங்க, ஒருத்தன் வாயைத் திறக்க மாட்டான். ரீசேல் வேல்யூன்னு சொன்னா இன்னும் மரியாதை. அதைத்தான் சொன்னேன். அதையே நாலு வருஷமாச் சொல்லி, எனக்கே பாதி நேரம் அதுதான் காரணம்னு ஆயிடுச்சு. தண்ணி கால் விரலைத் தொட்டுது, சில்லுன்னு. சீ. ஓடிப்போய்க் குழாயை மூடினேன். துடைக்க ஒண்ணும் இல்ல. பையைத் திறந்து அவருக்கு எடுத்த புது லுங்கியில ஒண்ணை உருவிப் போட்டுத் துடைச்சேன், முட்டி போட்டுக்கிட்டு, ஒரு மேடம் பண்ற வேலையா இது. போனைத் தரையில வெச்சு ஸ்பீக்கர்ல போட்டு தீபன் சாரைக் கூப்பிட்டேன். "சார், எனக்கு ஃப்ளைட் இருக்கு, ஹாலை மட்டும் வாசல்ல நின்னு பாத்துடுங்களேன், உள்ள வர வேணாம்." "வாசல்ல நின்னாலும் அது என்ட்ரிதான் மேடம். ஜஸ்ட் பதினைஞ்சு நிமிஷம்." பின்னாடி அந்தப் பொண்ணு என்னவோ சொல்லுது, இவர் ஷ்ஷ்ங்கிறாரு. வெச்சிட்டேன். சாவியை வாட்ச்மேன்கிட்ட குடுத்துட்டு இப்பவே கிளம்பினா என்ன? இந்த வீட்டை இவங்களுக்கு முடிச்சுட்டா போதும், அதோட நிறுத்திக்கிட்டு ஒரேயடியா ஊரோட போயிடலாம்னு இருந்தேன். அப்படித்தான் பெரும்பாக்கம் வீட்டுக்கும் சொன்னேன். சித்தாலப்பாக்கம் மனைக்கும் சொன்னேன். மது காலேஜ் சேந்தப்ப துணைக்கு வந்தவ, அவ படிச்சு முடிச்சு வேலை கிடைச்சுக் கோயம்புத்தூரு போயாச்சு, நான் இன்னும் இங்க அடுத்தவன் வீட்டுச் சாவிக் கொத்தோட நிக்கிறேன். எதுக்கு? இன்னும் ஒரு பார்ட்டி, இன்னும் ஒரு பார்ட்டி. போனா ரெண்டு நாள், மூணாவது ராத்திரி தூக்கம் வராது, உடனே மெட்ராஸ்ல ஒரு வேலை வந்துடும். அது தானா வருதா, நான் வரவழைக்கிறேனா. போதும், இப்ப அதையெல்லாம் நோண்ட வேணாம். சுவர் இருந்தா நான் அங்க இருப்பேன். சுவர் இருந்தும் இருக்கலையேன்னு கேட்டா, அதான் சொல்றேனே, வேலை.

போன் அடிச்சுது. அவர்தான். கை ஈரம், அப்படியே தரையிலயே ஸ்பீக்கர்ல போட்டேன். "எங்க போனீங்க, நாலு தடவை அடிச்சேன், மனுஷி செத்தாளா இருக்காளான்னு பாக்க வேணாமா." "கை பூரா தூசி. மூஞ்சியெல்லாம் தூசி." என்ன தூசின்னு கேக்க வாயைத் திறந்தேன், அப்ப கேட்டுது. முதல்ல போன் கோளாறுன்னு நெனச்சேன். இழுக்குது, நிக்குது, போட்டு உடைக்குது. மறுபடி இழுக்குது. "நீங்க எங்க இருக்கீங்க? பின்னாடி சேர் போட்டு உக்காந்திருக்கீங்களா?" "ஹால்ல இருக்கேன்." "பொய் சொல்லாதீங்க." "ஹால்லதான் வேணி. இரு, சமையல் ரூமுக்குப் போறேன்." செருப்புச் சத்தம். அங்கயும் கேக்குது. கொஞ்சம் அடக்கமா, ஆனா கேக்குது. வீடு பூரா. ஈரத் தரையிலயே சம்மணம் போட்டு உக்காந்துட்டேன். "உடைச்சிட்டீங்க." "ம்." "சாயங்காலம் வரைக்கும் பொறுக்க முடியலையா உங்களுக்கு." "மிஸ்திரி மத்தியான பஸ்ஸைப் பிடிக்கணும்னாரு." "அதுக்கு, ராகு காலத்துல போய் வீட்டுச் சுவரை உடைப்பீங்களா?" "இங்க எப்பவோ முடிஞ்சிருச்சே. நமக்குத்தான் சூரியன் முன்னாடியே வந்துருதுல்ல. நீ மெட்ராஸ் கணக்கைப் பாக்காத." கீழ ஒருத்தர் கார்ல உக்காந்து நிமிஷம் எண்ணிக்கிட்டிருக்காரு, அங்க ராகு எழுந்து போயி முக்கா மணி நேரமாச்சாம். எனக்கு அழுகையா கோவமான்னு தெரியல. ரெண்டும்தான். "அந்தக் கதவை மூடுங்க. இப்பவே மூடுங்க." "எந்தக் கதவை?" "சுவரை உடைச்சு வெச்சீங்களே, அந்தக் கதவை." கடல்தான் பேசிச்சு. "கதவு வைக்கல வேணி. ஜன்னல். உன் நெஞ்சு உயரத்துக்கு மேலதான் உடைச்சிருக்கு. கீழ ஒரு செங்கல்லைக்கூட அசைக்கல. கம்பி போட்டுக் குடுத்துட்டுத்தான் மிஸ்திரி போவாரு."

ஜன்னல்னா முதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன. சுவரை உடைக்கிறேன், சுவரை உடைக்கிறேன்னு நாலு மாசமா ஒரே பாட்டு, ஜன்னல்ங்கிற வார்த்தை வாயில வந்துதான்னு கேட்டேன். "நீ எங்க கேட்ட. சுவர்னு ஆரம்பிச்சாலே நாளைக்கு விக்கணும்னா, நாளைக்கு விக்கணும்னான்னு நிக்கிற." "வாஸ்து பாக்க வேணாமா." "வேணி." அந்த மனுஷன் என் பேரை அப்படிச் சொன்னா எனக்குப் பிடிக்காது, இன்ஜினைத் தடவிக் குடுக்கிற மாதிரி சொல்வாரு. "அன்னைக்கு நான் டிங்கியில வந்தப்ப சிப்பிகாட் வீட்டுல கதவு கீலோட பேந்து தண்ணியில மிதந்துது. நீ மேடை மேல மதுவைத் தூக்கிட்டு நின்ன. இன்னொரு கையில துடைக்கிற துணி. புள்ளையைக் குடுத்துட்ட, அந்தத் துணியைக் குடுக்கல. போர்ட் பிளேர் வர்ற வரைக்கும் விடல. நான்தான் ஒவ்வொரு விரலாப் பிரிச்சு எடுத்தேன். அது உனக்கு ஞாபகம் இல்ல." இல்ல. எனக்கு ஞாபகம் இல்ல. கையைப் பாத்தேன். லுங்கியைச் சுருட்டிப் பிடிச்சிருக்கேன், விரல் முட்டியெல்லாம் வெளுத்துப் போயிருக்கு. "கிழக்கு வாசல்னு நீ போன்ல சொன்னப்பவே எனக்குத் தெரியும்"னாரு. "தெரிஞ்சா சொல்லியிருக்கலாம்ல. இருபது வருஷமாச் சொல்ல வேணாமா ஒரு மனுஷன்." "நீ சொல்லுவன்னு பாத்துட்டு இருந்தேன்." "எனக்குப் பயமா இருக்குங்க"ன்னேன். சொல்லிட்டேன், இந்தக் காலி வீட்டுல, ஈரத் தரையில உக்காந்து. அவர் சமாதானம் ஒண்ணும் பண்ணல. "இருக்கட்டும். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்னு பயப்படு. நானும் நிக்கிறேன்"னாரு. போன்ல அது இழுத்து, நின்னு, உடைஞ்சுது. இத்தனை வருஷத்துல அதை நான் இவ்வளவு நேரம் சேந்தாப்ல கேட்டதே இல்ல.

"ஏங்க, கடல் சத்தம்." வாசல்ல யாமினி நிக்கிது. பின்னாடி தீபன் சார், வலது காலை முதல்ல எடுத்து வெச்சு, ஒருவழியா உள்ள. ரெண்டு பேரும் கழுத்தை நீட்டி ஜன்னல் பக்கம் பாக்குறாங்க. அந்தப் பொண்ணு முகம் மலர்ந்து போச்சு. "விளம்பரத்துல கடல் காத்துன்னு போட்டிருந்தீங்க மேடம், நான் நம்பவே இல்ல, சும்மா போடறாங்கன்னு நெனச்சேன். இங்க வரைக்கும் கேக்குமா?" ஆமா சார், காத்து திரும்பினா கேக்கும், அதும் நாலாவது மாடியாச்சேன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. அதைச் சொன்னா இந்த நிமிஷம் அட்வான்ஸ் கைக்கு வரும், எனக்குத் தெரியும், எத்தனை மூஞ்சியைப் பாத்திருக்கேன். "இல்லப்பா"ன்னேன். "இங்க கடலும் கிடையாது, காத்தும் கிடையாது. ஜன்னலைத் திறந்தா அடுத்த வீட்டு நைட்டிதான். இது எங்க வீட்டுக் கடல்." போனை எடுத்துக் காட்டினேன். அவங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. சாவியை அவர் கையில வெச்சேன். "நிதானமாப் பாருங்க. கிச்சன் குழாயை மட்டும் திறக்காதீங்க, சிங்க் பைப் சேரல. பாத்ரூம் நல்லா இருக்கு, நீ போம்மா முதல்ல. முடிஞ்சதும் சாவியை வாட்ச்மேன்கிட்ட குடுத்துடுங்க." "மேடம், நீங்க?" "எனக்கு நேரமாச்சு." பையைத் தூக்கினேன். லிஃப்ட் அங்கயே கதவைத் திறந்துக்கிட்டு நிக்கிது. காலை எடுத்து வைக்கப் போனேன், வைக்கல. உள்ள போனா சிக்னல் போயிடும், கதவு மூடின உடனே கட் ஆயிடும். "வேணி, வெச்சிரட்டுமா?"ங்கிறாரு. வெக்காதீங்க, நீங்க பேச வேணாம், போனை அந்த ஜன்னல் மேல வெச்சிட்டு உங்க வேலையைப் பாருங்கன்னு சொல்லிட்டுப் படியில இறங்க ஆரம்பிச்சேன். நாலு மாடி. சின்ன வெங்காயம் வேற என்னா கனம் கனக்குது.